மே மாதத்தை விதைத்தவள்

நீலகிரியில் ஓடைமட்டம் என்கிற எங்கள் ஊரில், கேரட்டும் முட்டைக்கோசும் விளைகிற, மாலை நாலு மணிக்கே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற ஊரில், துளசிமணி என்கிற பெண் ஒரு வருஷம் மே மாதத்தை மார்ச்சிலேயே பூக்க வைத்தாள். அதை எங்களில் பாதிப் பேர் முகர்ந்து பார்த்து ஆளுக்கு ஒன்றிரண்டு நாளைச் செலவழித்தோம். நானும் ஒன்றைத் தொலைத்தேன். அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது.

அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் ஒரு பங்களாவில் இருபத்தாறு வருஷம் தோட்டக்காரராக இருந்தவர். ஸ்வீட்பீ என்றால் அவருக்கு உயிர். பட்டாணி ஜாதிதான், ஆனால் அதைத் தின்ன முடியாது, தின்றால் ஆகாது. கொடியேறி, பட்டாம்பூச்சி மாதிரி இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் பூத்து, தெருமுனை வரைக்கும் மணக்கிற பூ அது. எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பிறகு உறைபனி குறைந்ததும் அதை விதைப்பார்கள், மே மாதம் மலர்க் கண்காட்சிக்குப் பூக்கும், கண்காட்சியில் நஞ்சப்பனின் பூ ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் பரிசு வாங்கும், முதல் பரிசு எப்போதும் நடுவருக்கு வேண்டியவர்களுக்குப் போகும் என்று அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு வருஷமும் ஆமாம் என்போம்.

அந்தக் கார்த்திகையில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கோயம்புத்தூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துளசிமணியைத் தனியாகக் கூப்பிட்டு, மே மாதம் பார்க்க மாட்டார் அம்மா என்றார். தனியாகச் சொன்னதாகத்தான் பெயர், கதவு திறந்திருந்தது, நஞ்சப்பனுக்கும் கேட்டது. பஸ்ஸில் மலையேறி வரும்போது மூன்றாவது வளைவில் அவர்தான் ஆரம்பித்தார்.

"துளசி, இந்த வருசம் பூவ முன்னாடியே வர வெக்கலாமா?"

"எப்படிங்க வரும்? பனி கொன்னுபோடாதா?"

"கொல்லாது. விதைய இப்பவே போட்டு வேர நல்லா இறங்க விட்டுட்டா, வெயில் திரும்பினதும் மத்தவனுக்கு முளைக்கறப்ப நமக்குப் பூத்துரும். அதுக்கு வெச்சிருக்கற முறையில வெக்கணும்."

முறை என்றால் இதுதான். மிளகு மாதிரி இறுகிக் கிடக்கும் விதையை, அதன் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் லேசாகக் கீறி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். ஸ்வீட்பீயின் வேர் ஆழம் தேடும், இடம் மாற்றி நடும்போது தொட்டால் அதற்குப் பிடிக்காது, ஆகையால் தொட்டியில் போடாமல் நீளமான காகிதக் குழலில் மண் நிரப்பி, ஒரு விரல்கட்டை ஆழத்தில் விதையை வைத்து, பிறகு குழலோடு அப்படியே நட்டுவிட வேண்டும். கதகதப்பான இடத்தில் வைத்தால் வெளுத்து நீண்டுவிடும். குளிரட்டும், உறையாமல் இருந்தால் போதும். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்ல, அவள், "தெரியுமுங்க, இருபது வருசமா கூட நின்னவதான நானு" என்று சொல்லிக்கொண்டே செய்தாள்.

குழலுக்குக் காகிதம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றுதான், தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். வருஷம் முழுக்கக் கிழித்த தாள்களை ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள், உள்ளே செய்தித்தாளும் வெளியே காலண்டர் தாளுமாகச் சுற்றி மைதாப் பசையால் ஒட்டினால் குழல் ரெடி. அந்த வருஷம் ஐப்பசியெல்லாம் மழை, விறகு ஈரம், அடுப்பு பற்றவைக்கத் துளசிமணி டப்பாவைக் காலிசெய்திருந்தாள். ஆனால் புதுக் காலண்டர் வந்திருந்தது. நான் எடைபோடும் காய்கறி மண்டியில் அந்த வருஷம் என்னவோ கார்த்திகையிலேயே அச்சடித்து வந்துவிட்டது, நான்தான் அவள் வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைக் கையில் எடுத்தாள், புரட்டினாள், மே மாதம் வந்த இடத்தில் நிறுத்தினாள். அவருக்கு இல்லை என்று சொன்ன மாதம் சுவரில் எதற்கு என்று நினைத்தாளாம். அந்த ஆத்திரத்தில் முப்பத்தோரு தாளையும் ஒரே பிடியாகப் பிய்த்தாள். கிழித்த நாளில் விதைப்பதுதான் எங்கள் வழக்கம், அதாவது முடிந்துபோன நாளில். வராத நாளில் யாரும் விதைத்தது கிடையாது, விதைக்கக்கூடாது என்று யாரும் சொன்னதும் கிடையாது, ஏனென்றால் அப்படிச் செய்ய யாருக்கும் தோன்றியதில்லை.

முப்பத்தோரு குழலும் முளைத்தன. எலிக்குப் பயந்து கம்பிவலை போட்டாள், பனிக்குப் பயந்து சாயங்காலமானால் சாக்கு மூடினாள், காலையில் சாக்கின்மேல் உப்பு கொட்டியது போலப் பனி கிடக்கும், உள்ளே கன்று பச்சையாக இருக்கும். மார்கழி கடைசியில் நுனி கிள்ளினாள். பொங்கல் கழிந்த வாரம், நஞ்சப்பன் ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி, தேதியின் பெரிய எண் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி, ஒன்று முதல் முப்பத்தொன்று வரைக்கும் வரிசையாக நட்டு, கொம்பு ஊன்றி, கயிறு கட்டினாள். ஊரில் மற்றவர்கள் அப்போதுதான் விதையை ஊறப்போட்டிருந்தார்கள்.

மார்ச் மூன்றாம் தேதி ஏழாம் எண் செடி பூத்தது. கொத்தமல்லி கேட்டு வந்த பக்கத்து வீட்டு பேபி அதில் மூக்கை வைத்தாள். பால் பொங்குகிற நேரம்வரைக்கும் அசையாமல் நின்றாள். நிமிர்ந்தபோது வெயிலில் அவள் தலைமுடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மே ஏழுல மழைக்கா," என்றாள். "காலைல எந்திரிச்சு, தொழிற்சாலைக்குப் போயி, கேஸ் சிலிண்டர் வராம சண்ட போட்டு, சாயந்திரம் நனைஞ்சு வந்து படுத்துட்டேன். முழுசா ஒரு நாளு. சிலிண்டர முன்னாடியே பதிஞ்சு வெக்கோணும்."

பிறகு கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பூவில் வாசம் போயிருந்தது. ஒரு பூங்கொத்து ஒரு ஆளுக்கு, ஒரு மூச்சு ஒரு நாள், அவ்வளவுதான் கணக்கு என்று இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. அப்படி வாழ்ந்துவிட்ட நாள் திரும்ப வரும்போது நமக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. உடம்பு மட்டும் போய் ஏற்கெனவே செய்ததைச் செய்துவிட்டு வரும். இதை மாரியம்மன் கோயில் பூசாரி ஏழாம் எண்ணில் ஒரு பூவை முகர்ந்து, அங்கே பேபி தூக்கத்தில் நடப்பவள் மாதிரி நடமாடியதைப் பார்த்துத் திரும்பி வந்து ஊர்க்கூட்டத்தில் விளக்கினார், பஞ்சாங்கத்தில் இதற்குத் தடை ஒன்றும் எழுதவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

துளசிமணிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது: முப்பத்தோரு நாள் இருக்கிறது, டாக்டர் இல்லையென்று சொன்ன மாதம் முழுசாக ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நிற்கிறது, அதை அறுத்து அவர் மூக்கில் வைத்தால் அவருக்கு மே மாதம் உண்டு. ஒன்றாம் எண் பூத்த அன்று கொத்தை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் கண்ணை மூடி இழுத்தார். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தார்.

"பாத்தீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "பாத்தேன். வெயில்னா வெயிலு, அப்படி ஒரு வெயிலு. நீ அந்தப் பச்சச் சீலை கட்டியிருந்த. தேயிலத் தொழிற்சாலைல கொடி ஏத்துனாங்க, நாம ரெண்டு பேரும் நடந்தே போனம். எனக்கு மூச்சே வாங்கல."

அவள் அன்றைக்குத் தெருவில் வருவோர் போவோர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னாள். எனக்கே மூன்று முறை சொன்னாள். அவள் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஸ்வீட்பீயில் ஒரு குணம் உண்டு. தினம் அறுத்தால்தான் தினம் பூக்கும், பூவைக் காய்க்க விட்டால் வேலை முடிந்தது என்று செடி நின்றுவிடும். நஞ்சப்பனுக்கு ஒரு செடியில் ஒரு கொத்து போதும், மீதியை அறுத்தே ஆக வேண்டும், அதனால் அவள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். பரீட்சை முடிவு வருகிற பதினாறாம் தேதியை ஏழு பிள்ளைகள் வாங்கிப் போய், நாலு பேர் சிரித்துக்கொண்டும் மூன்று பேர் அழுதுகொண்டும் திரும்பி வந்தார்கள், அழுத மூன்று பேரில் ஒருத்தி அன்றைக்கே டியூஷன் சேர்ந்தாள், பரீட்சைதான் இன்னும் நடக்கவில்லையே. மருமகளோடு சண்டை போட்ட ஒரு தாயார் இருபதாம் தேதிக்குப் போய், அன்றைக்கும் அதே சண்டையைப் போட்டுவிட்டு வந்தாள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், நாட்களை முன்கூட்டி அனுபவிக்க அனுமதி பெற வேண்டுமா என்று விசாரித்தார், அதற்கான படிவம் இல்லாததால் இருபத்தெட்டாம் தேதியை முகர்ந்துவிட்டுப் போனார். நான் மூன்றாம் தேதியை எடுத்தேன். அது முழுக்க ஈரோட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே கழிந்தது.

மே மாதத்துக்குப் போய் வந்த நாங்கள் எல்லோரும், யாரும் கூடிப் பேசாமலேயே, ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டோம். துளசிமணி கேட்பாள், "அண்ணா, எங்க வீட்டுக்காரர அங்க பாத்தீங்களா?" அந்தப் பக்கம் வரவே இல்லையம்மா என்போம். நான் ஈரோட்டுக்குப் போயிருந்தேன், எனக்கு அது உண்மை. மற்றவர்கள் அவள் வீட்டைத் தாண்டித்தான் எங்கேயும் போக முடியும்.

பேபியின் மகள் கீர்த்தனாவுக்கு மே பதினொன்றில் கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் அந்தப் பெண் பதினொன்றாம் எண் கொத்தை முகர்ந்தாள், நனைந்துபோய், அழுதுகொண்டு திரும்பினாள். துளசிமணி பதறிவிட்டாள்.

"என்ன சாமி? பையன் ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லத்த. அவரு நல்லாத்தான் இருந்தாரு. மழைல பந்தல் சாஞ்சுருச்சு, ரோட்டுல மண்ணு சரிஞ்சு பூக் கண்காட்சியக்கூட மூடிட்டாங்க. நீங்க எனக்குப் பூச்செண்டு கட்டிக் கொண்டுவந்தீங்க. கொண்டுவந்து வெளியவே நின்னுட்டீங்க. நான் வாங்க வாங்கன்னு கூப்புட்டுட்டே இருக்கறேன், உள்ள வரவே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பூ கட்டிக் கொடுத்துவிட்டு, பந்தலுக்குள் கால் வைக்காமல் மழையில் நிற்கிறவள் யார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாலி இறங்கி அதிக நாள் ஆகாதவள்தான் அப்படி நிற்பாள்.

முந்தின நாள்தான் நஞ்சப்பன் பதினொன்றாம் தேதிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நல்ல வெயில், நாம் இருவரும் மலர்க் கண்காட்சிக்குப் போனோம், இந்தத் தடவை முதல் பரிசு, நடுவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று சொல்லியிருந்தார்.

துளசிமணி கீர்த்தனாவின் தலையைத் துவட்டி அனுப்பிவைத்தாள். பிறகு வரிசையின் நடுவில் போய் நின்றாள். அதுவரை அவள் ஒரு பூவைக்கூடத் தனக்கென்று முகர்ந்ததில்லை, அவருடைய நாளை நான் ஏன் தின்ன வேண்டும் என்றிருந்தாள். பதினொன்றாம் எண்ணில் இன்னொரு கொத்து விரிந்திருந்தது. குனிந்து மூச்சை இழுத்தாள்.

மழைச் சத்தத்தில் எழுந்தாள். கட்டில் மடித்துச் சுவரில் சாய்த்திருந்தது. யாரும் சொல்லாமலேயே எல்லாம் தெரிந்திருந்தது, எந்தத் தேதி, எந்த நேரம், யார் யார் வந்தார்கள் என்பது வரைக்கும். பூ கட்டினாள், கொண்டுபோய்க் கொடுத்தாள், வெளியே நின்றாள், திரும்பி வந்தாள், சோறு வடித்தாள், ஒரு வாய் தின்றாள், அழ உட்கார்ந்தாள், அந்த வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து அழுதாலும் அவர் இருமல் கேட்காத மூலையாகவே அது இருந்தது. அப்படியே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முழுதாகக் கழிந்து, நிமிர்ந்தபோது மார்ச் மாத வெயில் அடித்தது. அடுப்பில் வைத்த தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. உள்ளே இருமல் கேட்டது.

ஓடினாள். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏம்புள்ள இப்படி நனைஞ்சிருக்க?"

"பதினொண்ணாந் தேதி மழைங்க."

வெளியே பேபியின் கோழி ஒன்று கத்தி அடங்கியது.

"எனக்கு ஒண்ணும் தெரியல துளசி," என்றார் கடைசியில். "மொத நாளுல இருந்தே. பூ வாசம் மட்டும் வந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. நீ எம்மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்த. என்னன்னு சொல்லுவேன்?"

அவள் ஈரத்தோடு அவர் மடியில் விழுந்து அழுதாள். மே பதினொன்றில் அழுது முடிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் மார்ச்சில் அழுதாள். அவர் போர்வை நுனியால் அவள் தலையைத் துடைத்து, முகத்தைத் துடைத்து, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அந்த நாள் வந்தே தீரும், அதில் அவர் இருக்கப்போவதில்லை, ஆனால் இப்போது போய்விட்டு வந்தால் திரும்பி வருகிற இடத்தில் அவர் இருக்கிறார்.

மறுநாளிலிருந்து துளசிமணி யாருக்கும் பூ கொடுக்கவில்லை. ஊரில் முணுமுணுத்தார்கள். பொதுவில் வந்ததை ஒரு வீடு வைத்துக்கொள்வதா என்று கேட்க நாலு பேர் கிளம்பினார்கள், அதில் நானும் ஒருவன், வேலிவரைக்கும் போனோம். அவள் ஒன்றாம் எண்ணின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். நிமிர்ந்து, எங்களைத் தாண்டி, முகமெல்லாம் அழுகையாக வீட்டுக்குள் போனாள். "இன்னிக்கு எத்தனாந் தேதி போன?" என்று உள்ளே நஞ்சப்பன் கேட்பது காதில் விழுந்தது. நாங்கள் சத்தமில்லாமல் திரும்பிவிட்டோம்.

தினம் ஒன்று, சில நாள் இரண்டு. அவளுடைய மே மாதத்தை அவள் அவருக்குச் சொன்னாள், அவர் அதில் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆறாம் தேதி சமையல் ரூமில் ஒழுகுகிறது என்றாள். கிழக்கு மூலையில் ரெண்டாவது ஓடு, இப்போதே மாற்றச் சொல் என்றார். ஒன்பதாம் தேதி அவர் தம்பி வந்து நிலத்தைப் பற்றி இழுத்துப் பேசினான் என்றாள். பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டினார். பதினெட்டாம் தேதி ஒன்றுமே நடக்கவில்லை, யாருமே வரவில்லை, அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றாள். அவர் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து படுத்தார், அவள் அந்த இடத்தில் படுத்துக்கொண்டாள்.

"என்னய நெனச்சு அழுதியா?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டார்.

"உங்கள நெனச்சு இல்ல. சிலிண்டர் தீந்துபோச்சு, அதுக்கு அழுதேன்."

சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, அடங்க அரைமணி ஆனது.

ஏப்ரல் எட்டாம் தேதி அவள் மே முப்பத்தொன்றுக்குப் போய்விட்டு வந்தாள். ஒன்பதாம் தேதி மதியம், ஜன்னல் திறந்திருக்க, கொடி முழுக்கப் பூத்திருக்க, நஞ்சப்பன் போய்ச் சேர்ந்தார். அவள் அதன் பிறகு பூ அறுக்கவில்லை. பத்து நாளில் செடிகள் காய்த்து நின்றுவிட்டன.

மே வந்தது, நாங்கள் செலவழித்த நாட்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் தேதி நான் ஈரோட்டுக்கு நின்றுகொண்டே போனேன், கால் வலிக்கவில்லை, எதுவுமே வலிக்கவில்லை. பதினொன்றில் கீர்த்தனா மணவறையில் பொம்மை மாதிரி உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டாள், பொண்ணு பேசாதோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், நாளைக்குப் பேசும் என்று பேபி சமாதானம் சொன்னாள். துளசிமணி வெளியே மழையில் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவளுக்கு அந்த மாதம் முழுதுமே அப்படித்தான், கூட்டினாள், வடித்தாள், தின்றாள், மூலையில் உட்கார்ந்தாள், எழுந்தாள். வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள், புருஷன் போன துக்கமே இல்லையே, என்ன நெஞ்சு இது என்று பேசினார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் அவர்களை அடக்கியிருக்க வேண்டும். நாங்களும் இரண்டு வாரத்தில் மறந்துவிட்டு, ஆமாம் கல்நெஞ்சுதான் என்று சேர்ந்து பேசினோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூன் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, பங்களாவிலிருந்து ஒரு ஆள் வந்து, நஞ்சப்பனின் இடத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவளையே வரச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போது பேபி வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துளசிமணியின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். ஒரு மாதமாக மண்பொம்மையாக நடந்தவள், "என்னங்க, கேட்டீங்களா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு, மார்ச்சில் ஓடியது போலவே விடுவிடுவென்று வீட்டுக்குள் ஓடினாள்.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்துக்கு மண்டியில் தராசை விட்டுவிட்டு நான் ஓடினேன், தொழிற்சாலையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள், தெருவே ஓடி வந்தது. அவள் நடுவீட்டில், வெறும் தரையில், கட்டில் போட்டிருந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேபி," என்றாள், "நான் அவரு இருக்கற எடத்துக்குத் திரும்பிப் போகோணும். எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லு."